இரண்டு ஜாடி சாஸ்திரம்

பலாபத்வலையிலிருந்து மாட்டு வண்டி, பல்லேபொலவிலிருந்து நடை, மேட்டுத் தோட்டங்களிலிருந்து லொறியின் பின்பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்து நாடகக் கொட்டகை வாசலில் ஜனம் வந்து கொட்டியது. கடலைக்காரன் இரண்டாவது சாக்கை அவிழ்த்தான். சர்பத்துக்காரன் சர்பத்தில் மூன்றாவது முறையாகத் தண்ணீர் சேர்த்தான். தேர் இல்லை, கூத்து இல்லை, சாமியாடி இல்லை. எல்லாரும் பொருளாதாரம் பார்க்க வந்திருந்தார்கள்.

ஆமாம், பொருளாதாரம்தான். சிரிக்காதீர்கள். அது 1931ஆம் வருஷம். தேயிலை விலை படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்று துரைக்கும் தெரியவில்லை, கணக்கப்பிள்ளைக்கும் தெரியவில்லை, கொழுந்து பறிக்கிறவளுக்கும் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் விளங்காத காலத்தில், எனக்கு விளங்கும் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

கொட்டகைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"வருகிறார்! சீமையில் படித்த பொருளாதார மேதை புரொபசர் மார்க்கண்டர் வருகிறார்! தேயிலை விலை ஏன் விழுந்தது? எப்படி எழும்? கண்ணெதிரே இயந்திரம் வைத்துக் காட்டப்படும். மந்திரம் இல்லை! விபூதி இல்லை! எலுமிச்சம்பழம் இல்லவே இல்லை! அனுமதி இலவசம். கொட்டகையில் பைப்பு இல்லாதபடியால் தோட்டத்து அன்பர்கள் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் மட்டும் கொண்டுவரவும். இப்படிக்கு, செயலாளர், மாத்தளை பகுத்தறிவுக் கழகம்."

இந்தச் செயலாளர் பெயர் பழனிமுத்து. திருகோணமலை வீதியில் ஒற்றைக் கதவுத் தையற்கடை. கழகத்தின் தலைமை நிலையமும் அதே கடைதான். அங்கத்தினர் ஐந்து பேர். அதில் இரண்டு பேர், கொடுத்த சட்டை இன்னும் தைத்து முடியாததால் வாராவாரம் கூட்டத்துக்கு வருகிறவர்கள்.

பழனிமுத்துவைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் செய்வினை எடுக்கிற மந்திரவாதி ஒருவன் ஊரையே கலக்கினான். யார் வீட்டு முற்றத்தைத் தோண்டினாலும் அவன் கையில் ஒரு செப்புத் தகடு வரும், கூடவே வீட்டுக்காரனின் கோழியும் காசும் அவன் பின்னால் போகும். பழனிமுத்து பார்த்தார். மந்திரவாதியின் முகத்தை அல்ல, ஜிப்பாவை. ஒரு கைமடிப்பு மற்றதைவிட ஒன்றரை விரல் அகலமாக இருந்தது. எந்தத் தையல்காரனும் அப்படி வெட்ட மாட்டான். கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று தையலைப் பிரித்தார். ஏழு தகடுகள் தரையில் விழுந்தன. அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைக் கேட்டே தீர வேண்டும். கழுத்து அளவெடுக்கும்போது ஆரம்பித்தால் கணுக்கால் அளவெடுக்கும்போதுதான் முடியும்.

அதற்குப் பிறகு கழகத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அற்புதம் செய்கிறேன் என்று யார் மாத்தளைக்கு வந்தாலும், கழகம் சொல்கிற இடத்தில், கழகம் வைக்கிற சோதனைக்கு உட்பட்டுச் செய்து காட்ட வேண்டும். நல்ல தீர்மானம். அதைப் புரொபசர் மார்க்கண்டருக்கு ஏன் பிரயோகிக்கவில்லை என்று கேட்டால், பழனிமுத்துவிடம் பதில் தயாராக இருந்தது. அவர் நெற்றியில் ஒன்றும் இல்லையே!

உண்மைதான். புரொபசரின் நெற்றி, சோப்புப் போட்டுக் கழுவிய பீங்கான் தட்டு. கழுத்தில் டை. வாயில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை வராது. தமிழ் அவருக்கு மறந்தே போய்விட்டதாம். புதன்கிழமை அவர் தையற்கடைக்கு வந்தபோது பழனிமுத்து எழுந்து நின்றவர், அவர் போய்க் கால்மணி நேரம் ஆன பிறகுதான் உட்கார்ந்தார். புரொபசருக்கு ஒரு கறுப்பு மேசைத்துணி வேண்டியிருந்தது. தரை தொட்டுத் தொங்க வேண்டும். பின்பக்கம் இரண்டு முழத்துக்கு ஒரு திறப்பு வைக்க வேண்டும்.

"திறப்பு எதற்கு, சார்?" என்று கேட்கத்தான் பழனிமுத்து வாயைத் திறந்தார். "வென்டிலேஷன்" என்றார் புரொபசர். பழனிமுத்து வாயை மூடிக்கொண்டார். விஞ்ஞானத்துக்குக் காற்று வேண்டாமா? ஒரு மந்திரவாதியின் சட்டைக் கையில் ஒன்றரை விரல் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த அதே மனிதர், இரண்டு முழத் திறப்பை ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, கூலிகூட வாங்காமல் கொடுத்தார்.

கொட்டகைக்கு வருவோம். மேடையில் அந்தக் கறுப்புத் துணி போர்த்திய மேசை. மேசைமேல் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள். வலது ஜாடியில் முதலாளி என்று எழுதியிருந்தது, இடது ஜாடியில் தொழிலாளி. நடுவில் பளபளவென்று ஒரு பித்தளைப் பெட்டி. அதற்கு முள் உண்டு, டயல் உண்டு, மார்க்கெட் என்று பெயரும் உண்டு. தோட்டத்து ஜனம் கொண்டுவந்த தண்ணீரை யாரோ வாசலிலேயே வாங்கி மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

புரொபசர் இங்கிலீஷில் ஒரு கரண்டி பேசினார். பழனிமுத்து தமிழில் ஒரு அண்டா பரிமாறினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதி, கோட்டுத் தையல் புத்தகத்தில் பாதி. புரியாத இடங்களைப் பக்தியால் நிரப்பினார்.

"அன்பர்களே! பாருங்கள்! முதலாளி ஜாடியில் தண்ணீர் ஊற்றுகிறார்!"

புரொபசர் ஊற்றினார். பித்தளைப் பெட்டி குடகுடவென்றது. முள் ஆடியது. வலது ஜாடியில் தண்ணீர் மெல்ல இறங்கியது. இடது ஜாடியில், ஒருவரும் தொடாமலே, அடியிலிருந்து தண்ணீர் ஏறியது. ஏறி, ஏறி, கழுத்துவரை வந்து நின்றது.

"ஆ!" என்றது கொட்டகை.

"முதலாளி ஜாடியை நிரப்பினால் தொழிலாளி ஜாடி தானாக நிரம்பும்! இது மனிதன் செய்வதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை செய்கிறது!"

பிறகு புரொபசர் தொழிலாளி ஜாடியிலேயே நேராகத் தண்ணீர் ஊற்றினார். பெட்டி இருமியது. முள் படுத்துக்கொண்டது. இரண்டு ஜாடியிலும் தண்ணீர் இறங்கி, இரண்டும் வறண்டன.

"பார்த்தீர்களா! இரக்கப்பட்டு இங்கே ஊற்றினால் இருவருக்குமே நாசம்! இது இயற்கை விதி!"

கூட்டம் கை தட்டியது. ஒரு கிழவர் மேடையை நோக்கிக் கும்பிட்டார். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி மார்க்கெட்டுக்குக் காட்டினாள். பழனிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடநம்பிக்கை ஒழிந்த ஊர் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

கடைசியில் விஷயம் வந்தது. கல்லுமலைத் தோட்டத்தில் பிள்ளைக்காரிகளுக்கு மாதாமாதம் இனாமாக அளக்கிற அரிசி இருக்கிறதே, லயத்து வரிசை வீடுகளில் பிள்ளையரிசி என்று சொல்வார்கள், அதுதான் தவறான ஜாடியில் ஊற்றுகிற தண்ணீராம். அதை நிறுத்தினால் துரை ஜாடி நிரம்பும். துரை ஜாடி நிரம்பினால் எல்லார் ஜாடியும் நிரம்பும். கொழும்புச் சபையில் இதைப் பற்றிப் பேச்சு வரப்போகிறது. தொழிலாளிகளே மனமொப்பி விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் கைநாட்டு வைத்தால் மற்றத் தோட்டங்களுக்கும் வழிகாட்டலாம். அடுத்த ஞாயிறு கைநாட்டு. முதல் கைநாட்டு, செயலாளரின் சொந்தத் தங்கை அழகாயியுடையது. இந்த யோசனையைச் சொன்னவர் புரொபசர். உச்சி குளிர்ந்தவர் பழனிமுத்து.

அழகாயி கல்லுமலையில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் செத்து இரண்டு வருஷம். இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசி வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது பிள்ளையரிசியால்தான். கூட்டம் முடிந்து அவள் அண்ணன் கடைக்கு வந்து, ஒரு கோப்பை தேத்தண்ணியைக் குடித்தாள். பக்கத்துச் சில்லறைக் கடை இத்ரூஸ் நானாவும் வெற்றிலையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு சங்கதி கேக்கவா?" என்றாள் அழகாயி.

"கேளு, கேளு. கேக்கிறதுதான் பகுத்தறிவு."

"தொரை ஜாடி ரொம்புனா எங்க ஜாடி தானா ரொம்பும்னாரே. தேயிலை நல்லா வித்த காலத்துல தொரை ஜாடி ரொம்பித்தானே இருந்திச்சு? பங்களாவுக்கு மேல்மாடி எடுத்தாரு, புதுக் கார் வாங்குனாரு. அப்ப எங்க ஜாடி எங்கே போயிருந்திச்சு?"

பழனிமுத்து இஞ்சிடேப்பைக் கழுத்தில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "அது வந்து... உடனே வராது. நீண்ட காலத்துல வரும்."

"எம்புட்டுக் காலம்?"

"சாஸ்திரத்துல காலம் சொல்றதில்ல."

"குறி சொல்றவகூட ஆடி கழியட்டும்னு ஒரு கெடு சொல்லுவாளே, அண்ணே?"

இத்ரூஸ் நானாவுக்குச் சிரிப்பில் வெற்றிலை புரைக்கேறியது. "தம்பி, எனக்கும் ஒரு சந்தேகம் இரிக்கி. அந்தப் பித்தளைப் பெட்டிக்கு மார்க்கெட்டுண்டு பேர் எழுதியிருந்திச்சே. நான் முப்பது வருஷமா மாத்தள மார்க்கெட்டுலதான் கட போட்டிருக்கேன். அது தானா ஒண்டும் செஞ்சத நான் காணல்ல. மொளகு வெலய மொத்தக்காரர் செல்லுவாரு, கொக்கோ வெலய கொழும்புக் கம்பெனி செல்லும். நாங்க தலைய ஆட்டுவோம்."

"நானா, அது வேற மார்க்கெட்டு. இது சாஸ்திரத்து மார்க்கெட்டு."

"அது எங்க இரிக்கி?"

"எல்லா எடத்துலயும் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது. ஆனா அதுக்குக் கோவம் வந்தா ஊரையே அழிச்சிரும்."

"ஓ!" என்றார் இத்ரூஸ் நானா. "எங்கட வீட்டுப் பொம்புளைகள் இதுக்கு ஜின்னுண்டு, பேயிண்டு செல்லுவாங்க."

பழனிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர் ஒருவர் சீமைக்குப் போய் வருஷக்கணக்காய்க் கற்று வந்ததை, வெற்றிலை மென்றுகொண்டே கேலி செய்வதா? தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "படிக்காதவ மாதிரிப் பேசாத, அழகாயி."

"நான் படிக்காதவதானே, அண்ணே. நீ சொன்னா வைக்கிறேன். ஆனா கடைசி வாரம் புள்ளைகளுக்கு என்னத்தப் போடுறது? அதையும் சாஸ்திரத்துலேயே பாத்துச் சொல்லு."

அந்த வாரம் முழுக்கப் பழனிமுத்து காற்சட்டைகளைத் தப்புத்தப்பாக வெட்டினார். ஆனாலும் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு பகுத்தறிவாளன் அவ்வளவு லேசில் மனத்தை மாற்றிக்கொள்வானா? அது மூடர்களுக்கு அவன் சொல்லும் புத்தி அல்லவா?

இரண்டாவது ஞாயிறு கூட்டம் இரட்டித்திருந்தது. புதிய மேட்டுத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் செம்பும் குடமுமாக வந்திருந்தார்கள். அழகாயி விடியற்காலையில் லயத்தில் ஊற்று நீர் கொட்டுகிற பீலியில் பிடித்த தண்ணீரை இடுப்பில் சுமந்து நாலு மைல் நடந்து வந்திருந்தாள். வழியில் இத்ரூஸ் நானா கடையில், மகனுடைய பள்ளிக்கூடச் சட்டைக்குப் போட ஒரு பொட்டலம் நீலம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேடை ஓரத்தில் சிறிய மேசை. அதன்மேல் இங்கிலீஷில் எழுதிய நீளமான தாள், பக்கத்தில் மை ஒற்றிய துணி. புரொபசர் கையசைத்தார். பழனிமுத்து குரலை உயர்த்தினார். "முதற்கண், செல்வி... இல்லை, திருமதி அழகாயி!"

அழகாயி மேடையேறினாள். பெருவிரலை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, அந்த ஜாடிய இன்னொருக்காக் காட்டச் சொல்லு. ஒருக்காப் பாத்துட்டு வைக்கிறேன்."

புரொபசருக்கு இதில் ஆட்சேபம் இல்லை. வித்தை பலித்துக்கொண்டிருக்கும்போது எந்த வித்தைக்காரனுக்கு ஆட்சேபம் இருக்கும்? முதலாளி ஜாடியில் தண்ணீரை ஊற்றினார். அழகாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இதுல கொஞ்சம் நீலம் போடுறேங்க. வீட்டுல துணிக்கு நீலம் போட்ட தண்ணிய ஒரு சட்டியிலேருந்து இன்னொரு சட்டிக்கு ஊத்துனா, அங்கேயும் நீலமாத்தான் இருக்கும். இந்த ஜாடித் தண்ணிதான் எங்க ஜாடிக்கு வருதுன்னா, எங்க ஜாடியும் நீலமாகணும்ல?"

பழனிமுத்து மொழிபெயர்த்தார். புரொபசரின் பீங்கான் நெற்றியில் முதன்முறையாக ஒரு கோடு விழுந்தது. இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். பழனிமுத்து தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மார்க்கெட்டில்... வெளியார் கை படக் கூடாதாம். பட்டால் சமநிலை கெட்டுப் போகுமாம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து இத்ரூஸ் நானாவின் குரல் வந்தது. "ஏன் தம்பி! மந்திரவாதிட சட்டையில கத்தரிக்கோல் வச்சீங்க. இவருட ஜாடியில நீலம் வச்சா என்ன? கோட்டுப் போட்டவருக்கு ஒங்கட தீர்மானம் இல்லியா?"

கொட்டகை சிரித்தது. பழனிமுத்துவின் காது சூடாயிற்று. அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. சொல்வதற்கு முன்னால் அழகாயி பொட்டலத்தை முதலாளி ஜாடியில் கவிழ்த்துவிட்டாள்.

நீலம் நூல்நூலாக இறங்கிப் பரவியது. ஜாடி முழுக்க அழகான கருநீலம். பித்தளைப் பெட்டி வழக்கம்போலக் குடகுடவென்றது. முள் ஆடியது. வலது ஜாடியில் நீலத் தண்ணீர் இறங்கியது. இடது ஜாடியில் தண்ணீர் ஏறியது.

நிறமில்லாத வெறும் தண்ணீர். பீலித் தண்ணீர். ஒரு சொட்டு நீலம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கைக்கு மட்டும் மேலே நடந்தது தெரியவில்லை போலிருக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கழுத்தைத் தாண்டியது. விளிம்புக்கு வந்தது. வழிந்து கறுப்புத் துணிமேல் ஓடியது.

"நிறுத்துடா டேய்! நிறுத்து!" என்று கத்தினார் புரொபசர் மார்க்கண்டர். சுத்தமான தமிழில்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது: "போதுங்களா, சார்?"

பழனிமுத்து மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனார். திறப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் மடித்த ஓரம், அவர் போட்ட இரட்டைத் தையல். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நல்ல தையல், லேசில் கிழியவில்லை. துணியோடு சேர்ந்து பித்தளைப் பெட்டியும் உருண்டு விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒரு பழைய கடிகாரச் சக்கரமும் கொஞ்சம் வைக்கோலும் இருந்தன. அதுதான் மார்க்கெட்.

மேசைக்கு அடியில் ஒரு மெலிந்த மனிதன் குந்தியிருந்தான். கையில் தோட்டத்தில் மருந்தடிக்கிற பம்பு. அவனுக்கு இடப்பக்கம் ஒரு அண்டா. வலப்பக்கம், முதலாளி ஜாடியிலிருந்து இறங்கி வந்த குழாயின் நுனியில், ஒரு பெரிய தகரப் பீப்பாய். பீப்பாய்க்குள் நீலத் தண்ணீர் பத்திரமாக இருந்தது.

"யாரப்பா நீ?" என்றார் பழனிமுத்து.

"இராமசாமிங்க. கண்ணுக்குத் தெரியாத கை நான்தாங்க. காலையிலேருந்து குனிஞ்சே இருக்கேன். ஒரு வாய்த் தேத்தண்ணி கெடைக்குங்களா?"

அழகாயி அண்டாவுக்குள் கைவிட்டுத் தண்ணீரை அள்ளினாள், முகர்ந்து பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இது நாம கொண்டாந்த தண்ணி. பாசி வாடை அடிக்குது பாருங்க, நம்ம பீலித் தண்ணி. தொரை ஜாடித் தண்ணி ஒரு சொட்டும் இங்கிட்டு வரல்ல. அது அந்தப் பீப்பாயிக்குப் போயிருச்சு. நாம சொமந்த தண்ணியத்தான் நமக்கே கொஞ்சமா ஊத்திக் காட்டுனாங்க."

அப்போதுதான் கொட்டகைக்கு உறைத்தது. கும்பிட்ட கிழவர் செருப்பைத் தேடினார். புரொபசர் இரண்டு கையையும் உயர்த்தினார். இப்போது தமிழ் தங்குதடையில்லாமல் வந்தது.

"பொறுங்கள்! பொறுங்கள்! இது ஒரு மாதிரி, அவ்வளவுதான். மாதிரி என்றால் சில விஷயங்களை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சீமையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இயந்திரம் பொய்யாக இருக்கலாம். அதனால் கொள்கை பொய்யாகிவிடுமா?"

மந்திரவாதிகூட மாட்டிக்கொண்டதும் ஓடினான். அவனுக்கு அவ்வளவுதான் படிப்பு.

"அண்ணே," என்றாள் அழகாயி, "அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?"

இந்த இரண்டு வாரத்தில் பழனிமுத்து அந்தத் தாளைப் படிக்கவில்லை. புரொபசர் இதுதான் சாரம் என்று சொன்னார், அவர் அதைத் தமிழில் சொன்னார், நோட்டீஸ் போட்டார், மாலை வாங்கினார், துணி தைத்தார். படிக்க மட்டும் இல்லை. இப்போது எடுத்துப் படித்தார். கோட்டுத் தையல் புத்தகத்து இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"கீழே கையொப்பம் இட்டிருக்கும் நாங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அளக்கப்படும் அரிசி வேண்டாம் என்று எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்... இனி எக்காலத்திலும் கேட்க மாட்டோம் என்றும்... எங்கள் கூலி குறைக்கப்பட்டால் அது எங்கள் நன்மைக்கே என்று அறிவோம் என்றும்..."

கூலியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. முன்வரிசையில் அழகாயியின் சின்ன மகள் ஒரு கடலையை இரண்டாகக் கடித்து, பாதியை அண்ணனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழனிமுத்துவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

புரொபசர் தொப்பியை எடுத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குத் தைரியமும் வந்தது.

"நீங்கள் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அரிசி நிற்கத்தான் போகிறது! கூலி குறையத்தான் போகிறது! இது மனிதன் போட்ட சட்டமில்லை, இயற்கை விதி! உங்களால் தடுக்க முடியாது!"

அழகாயிக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்ததுபோல இருந்தது.

"தானா நடக்கும்னா நடக்கட்டுமேங்க. மழை பேயறதுக்கு முன்னாடி யாராச்சும் எங்க லயத்துக்கு வந்து கைநாட்டு வாங்கிட்டுப் போறாங்களா? வெயில் அடிக்கிறதுக்கு எங்க சம்மதம் கேக்கிறாங்களா? இதுக்கு மட்டும் எதுக்குங்க எங்க பெருவெரலு?"

சீமையில் அதற்குப் பாடம் நடத்தவில்லை போலும். புரொபசர் பின்வாசல் வழியாக இறங்கி, நாலரை மணிக் கண்டி ரயிலைப் பிடித்தார். ஜாடிகள் இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். இராமசாமியையும்தான். இத்ரூஸ் நானா அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அவன் மூன்று கோப்பை குடித்தான்.

கல்லுமலையில் அந்த மாதம் பிள்ளையரிசி அளந்தார்கள். அடுத்த மாதமும் அளந்தார்கள். அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது. ஏனென்றால் கொழும்பிலிருந்து வந்த பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. தோட்டக் கூலியைப் பற்றி ஆராயப் போகிற கமிட்டிக்குப் புரொபசர் மார்க்கண்டரை ஆலோசகராகப் போட்டிருக்கிறார்களாம். அங்கே புது ஜாடிகள் வாங்கியிருப்பார். நீலப் பொட்டலத்தோடு யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

பழனிமுத்து அந்தச் செய்தியைத் தங்கைக்கு வாசித்துக் காட்டத் தானே நடந்து லயத்துக்குப் போனார். வாசித்துவிட்டு, "அழகாயி, ஒன் புள்ளைங்க சோத்துல மண்ணப் போடப் பாத்தேன். மன்னிச்சிரு" என்றார்.

"மன்னிக்கிறது கெடக்கட்டும். அந்தக் கமிட்டிக்கு எங்க பக்கத்துலேருந்து ஒரு காயிதம் போடணும். நான் சொல்றத நீ எழுது. எழுதி முடிச்சதும் ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு. நீ எழுதுனதையும் நான் நம்ப மாட்டேன்."

பழனிமுத்து கோபப்படவில்லை. பென்சிலை நக்கி எழுத உட்கார்ந்தார். வாசலில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, காயிதத்தில் போட வேண்டியதைச் சொன்னார்கள்.

அன்பர்களே, பேயோட்டியிடம் ஏமாந்தவன் தன் கோழியை மட்டும்தான் இழக்கிறான். நிபுணரிடம் ஏமாந்தவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சோற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கையும் தட்டிவிட்டு வருகிறான். கற்பூரத்தைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்கிற அறிவு பாதி அறிவுதான். அடுத்த முறை ஒருவர் வந்து, உன் வயிறு காய்வது இயற்கை விதி, அதற்குக் கீழே ஒரு கையெழுத்துப் போடு என்று சொன்னால், பேனாவை வாங்குவதற்கு முன்னால் தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள்.